மின்துடிப்பின் வடிவமும் மின்கலத்தின் ஆயுளும்



மனித உடலுக்குள் வைத்துத் தைக்கப்படும் மின்கருவிகள் இன்று உலகெங்கும் பல இலட்சம் பேரின் உயிரையும் செயலையும் காத்து வருகின்றன. இதயத்தின் ஓட்டம் தளர்ந்தவருக்கு இதயமுடுக்கி இருக்கிறது. செவியின் உள்ளுறுப்புக் கெட்டவருக்கு உட்செவிக் கருவி இருக்கிறது. பார்க்கின்சன் நோயால் கை நடுங்குபவருக்கு மூளையின் ஆழத்தில் வைக்கும் மின்வாய் இருக்கிறது. தீராத முதுகுவலி உடையவருக்கு முண்ணாணின் அருகே பொருத்தும் கருவியும் உண்டு. இவை யாவும் வெவ்வேறு உறுப்புகளுக்கு உரியவை எனினும், செய்யும் வேலை ஒன்றே. மிகச் சிறிய மின்துடிப்பு ஒன்றை அனுப்பி, நரம்பையோ தசையையோ விழித்தெழச் செய்வதே அவ்வேலை.

இத்துடிப்புகளுக்கு வேண்டிய சத்தியைத் தருவது உடலுக்குள்ளேயே இருக்கும் சிறிய மின்கலம். கைவிளக்கின் மின்கலம் தீர்ந்தால் கடைக்குச் சென்று வேறொன்று வாங்கிப் போடுகிறோம். உடலுக்குள் இருக்கும் மின்கலம் தீர்ந்தாலோ, தோலை மீண்டும் கீறித் திறந்து கருவியை மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கிருமி புகும் அபாயம் உண்டு, செலவு உண்டு, முதியவர் உடல் தாங்குமோ என்ற அச்சமும் உண்டு. ஆகவே, ஒரு துடிப்புக்கு எவ்வளவு சத்தி செலவாகிறது என்பது பொறியியலாளரின் கணக்குப் புத்தகத்துக்கு மட்டும் உரிய கேள்வியன்று. நோயாளி எத்தனை முறை அறுவைக் கட்டிலில் படுக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் கேள்வியும் அதுவே.

துடிப்புகளின் தொகையை எண்ணிப் பார்த்தால் இதன் பெருமை விளங்கும். இதயமுடுக்கி நிமிடத்துக்கு 70 முறை துடிப்பு அனுப்புகிறது என்று கொள்வோம். ஒரு நாளைக்கு 1,00,800 துடிப்புகள். ஓர் ஆண்டுக்கு 3 கோடியே 67 இலட்சத்துக்கு மேல். மூளையின் ஆழத்தைத் தூண்டும் கருவியோ செக்கனுக்கு ஏறத்தாழ 130 துடிப்புகளை அனுப்புவது வழக்கம். அதன் கணக்கு ஒரு நாளைக்கே 1 கோடியே 12 இலட்சம். ஆண்டுக்கு ஏறக்குறைய 410 கோடி. ஒரு துடிப்பில் மிச்சம் பிடிக்கும் துளியும் 410 கோடியால் பெருக்கப்படும்போது வெள்ளமாகிறது. அப்படியாயின், அத்துடிப்பு எவ்வடிவில் இருந்தால் சத்தி மிகக் குறைவாகச் செலவாகும்? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

நரம்புக்கும் மின்னுக்கும் உள்ள உறவை உலகுக்கு உணர்த்தியவர் இத்தாலி நாட்டின் பொலோனியா நகரில் வாழ்ந்த லூயிஜி கல்வானி. இறந்த தவளையின் கால், மின் தீண்டியதும் துள்ளுவதை அவர் கண்டார். 1791 ஆம் ஆண்டில் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். அவருடைய விளக்கத்தை ஏற்க மறுத்த அலெசாண்ட்ரோ வோல்ற்றா, அந்த வாதத்தின் விளைவாகவே 1800 இல் முதல் மின்கல அடுக்கை அமைத்தார். மின்கலம் பிறந்ததற்கே தவளையின் நரம்பு ஒரு காரணம் என்று சொன்னால் மிகையாகாது.

அன்றிலிருந்து ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரே மின்கலமும் துடிப்புக் கருவியும் உடலுக்குள் குடிபுகுந்தன. 1958 ஆம் ஆண்டு அக்டோபர் 8 ஆம் நாள், சுவீடன் தலைநகரான ஸ்ரொக்ஹோமில், ஓக்கே செனிங் என்ற அறுவை மருத்துவர், ரூனே எல்ம்குவிஸ்ட் என்ற பொறியியலாளர் அமைத்த இதயமுடுக்கியை ஆர்னே லார்சன் என்ற நோயாளியின் உடலுக்குள் வைத்தார். உடலுக்குள் முழுமையாக வைக்கப்பட்ட முதல் இதயமுடுக்கி அதுவே. அது சில மணி நேரத்திலேயே நின்றுவிட்டது. உடனே வேறொன்று பொருத்தப்பட்டது. அதன் பின் லார்சனுக்கு இருபதுக்கு மேற்பட்ட கருவிகள் மாற்றி மாற்றி வைக்கப்பட்டன. அவர் 2001 ஆம் ஆண்டு வரை, 86 வயது வரை வாழ்ந்தார். அவர் வாழ்ந்த ஆண்டுகள் மருத்துவத்தின் வெற்றி. அவர் மாற்றிய கருவிகளின் தொகை, மின்கலமும் கருவியும் அந்நாளில் எத்துணை நலிந்தவை என்பதற்குச் சான்று.

1960 இல் அமெரிக்காவில் வில்சன் கிரேற்பாட்ச் அமைத்த கருவி இரசமும் நாகமும் கொண்ட மின்கலத்தால் இயங்கியது. அம்மின்கலங்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே நின்றன. 1972 இல் இலிதியமும் அயடீனும் கொண்ட மின்கலம் வந்தபோதுதான் இதயமுடுக்கியின் ஆயுள் பல ஆண்டுகளாக நீண்டது. ஆனால் மின்கலத்தின் கொள்ளளவைப் பெருக்குவது ஒரு வழி மட்டுமே. செலவைச் சுருக்குவது மற்றொரு வழி. வருவாயைப் பெருக்க இயலாத குடும்பம் செலவைக் கவனிப்பதுபோல, விஞ்ஞானிகளும் துடிப்பின் செலவைக் கவனிக்கத் தொடங்கினர்.

அதற்கு முன், நரம்பு எப்படி விழித்தெழுகிறது என்பதை அறிந்துகொள்வோம்.

நரம்பு நாரைச் சுற்றி மிக மெல்லிய மென்சவ்வு ஒன்று உண்டு. ஓய்வு நிலையில் நாரின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ற்று எதிர்மின் அழுத்தத்தில் இருக்கும். வெளியிலிருந்து வரும் மின்னோட்டம் இந்த வேறுபாட்டைக் குறைக்கும்போது, ஓர் எல்லைக்கோடு வரையில் ஒன்றும் நிகழ்வதில்லை. அந்த எல்லையைத் தொட்டதும் மென்சவ்வில் உள்ள சோடியம் வாயில்கள் திடீரெனத் திறந்து, சோடியம் அயன்கள் உள்ளே பாய்கின்றன. அப்போது எழும் மின்னலை நாரின் வழியே தானாகவே ஓடுகிறது. வெடிமருந்துத் திரிக்கு நெருப்பு வைப்பதை இதற்கு ஒப்பிடலாம். தீக்குச்சியின் சுடர் சிறிதாயினும், பற்றிக்கொண்ட பின் திரி தன் மருந்தாலேயே எரிகிறது. நாம் கொடுக்க வேண்டியது அந்த முதற் சுடருக்கான சத்தி மட்டுமே.

இனி, அந்த எல்லைக்கோட்டை எட்டும் வழியைப் பார்ப்போம். மென்சவ்வு மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் பாத்திரம் போன்றது. ஆனால் அது சிறு துவாரம் உள்ள பாத்திரம். பொத்தல் குடம் ஒன்றில் குறித்த அளவு வரை நீர் நிரப்ப வேண்டும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மெல்ல மெல்ல நீரை விட்டால், விடுகிற நீரெல்லாம் துவாரத்தின் வழியே ஒழுகிப்போகும், குடம் நிரம்பாது. ஒரேயடியாக விரைந்து ஊற்றினால் ஒழுக நேரமில்லை; குடம் சட்டென நிரம்பும். ஆனால் விரைந்து ஊற்றுவதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைச் சற்றுப் பின்னர் காண்போம்.

துடிப்பின் கால அளவுக்கும் அதற்கு வேண்டிய மின்னோட்டத்துக்கும் உள்ள தொடர்பை 1901 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஜோர்ஜ் வைஸ் என்பவர் எளிய விதியாக அமைத்தார். அதே நாட்டின் லூயி லாப்பிக், 1907 இல் நரம்பின் மென்சவ்வை ஒழுகும் மின்கொள்ளியாகக் கருதிக் கணக்கிட்டார். 1909 இல் இரண்டு பெயர்களைச் சூட்டினார். துடிப்பை எவ்வளவு நேரம் நீட்டினாலும் நரம்பை எழுப்ப இன்றியமையாத மிகக் குறைந்த மின்னோட்டம் ஒன்று உண்டு. அதற்கு ரியோபேஸ் என்று பெயர். அதைப்போல் இரு மடங்கு மின்னோட்டத்தைச் செலுத்தினால் நரம்பு எழுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ, அந்நேரத்துக்குக் குரொனாக்ஸி என்று பெயர். முன்னது நரம்பின் அடிப்படை மின்னோட்டம். பின்னது நரம்பின் காலக்கணக்கு. நாம் இப்பேச்சில் அவற்றை அப்படியே 'அடியோட்டம்', 'காலக்கணக்கு' என்று வழங்குவோம். தடித்த உறையுடைய பெரிய நரம்பு நார்களுக்குக் காலக்கணக்கு ஏறத்தாழ செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவினது. இதயத் தசைக்கு அது அதனிலும் சில மடங்கு நீண்டது.

வைசின் விதியை எண்களால் விளக்குவது எளிது. அடியோட்டத்தை ஓர் அலகு எனவும், காலக்கணக்கை ஓர் அலகு எனவும் கொள்வோம். துடிப்பின் நேரம் காலக்கணக்குக்குச் சமமாக, ஓர் அலகாக இருந்தால், வேண்டிய மின்னோட்டம் 2. நேரத்தைக் கால் அலகாகக் குறைத்தால், மின்னோட்டம் 5 வேண்டும். நேரத்தை 4 அலகாக நீட்டினால், மின்னோட்டம் ஒன்றேகால் போதும்.

இப்போது செலவைக் கணக்கிடுவோம். செலவு என்பது மூன்று வகைப்படும். முதலாவது, நரம்பருகே செலுத்தும் மின்னேற்றம். அது மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கி வருவது. இரண்டாவது, திசுவில் செலவாகும் சத்தி. அது மின்னோட்டத்தின் வர்க்கத்தை நேரத்தால் பெருக்கி வருவது. மூன்றாவது, ஒரு கணத்தில் வேண்டப்படும் உச்ச வலு. முன்னே சொன்ன விரைந்து ஊற்றுவதன் விலை, அந்த வர்க்கத்தில்தான் ஒளிந்திருக்கிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் சத்திச் செலவு நான்கு மடங்காகிறது.

நமது மூன்று துடிப்புகளையும் ஒப்பிடுவோம். மின்னேற்றக் கணக்கில், கால் அலகுத் துடிப்புக்கு ஒன்றேகால், ஓரலகுத் துடிப்புக்கு 2, நான்கலகுத் துடிப்புக்கு 5. ஆகவே மின்னேற்றம் குறைய வேண்டுமாயின், துடிப்புக் குறுகியதாக இருக்க வேண்டும். சத்திக் கணக்கோ வேறு. ஓரலகுத் துடிப்புக்கு 2 இன் வர்க்கம் 4. அதை 1 ஆல் பெருக்க 4. கால் அலகுத் துடிப்புக்கு 5 இன் வர்க்கம் 25. அதன் காற்பங்கு ஆறேகால். நான்கலகுத் துடிப்புக்கும் அதே ஆறேகால். குறுக்கினாலும் செலவு ஏறுகிறது. நீட்டினாலும் செலவு ஏறுகிறது. நடுவே, துடிப்பின் நேரம் காலக்கணக்குக்குச் சமமாகும் இடத்தில், செலவு மிகக் குறைகிறது. நீட்டினால் ஒழுக்கு தின்கிறது. குறுக்கினால் வர்க்கம் தின்கிறது. இதயமுடுக்கிகளில் துடிப்பின் நேரத்தைப் பெரும்பாலும் 0.4 மில்லிசெக்கன் அளவில் வைப்பதன் பின்னணியில் இருப்பது இந்தக் கணக்கே.

இதுவரை நாம் பேசியது ஒரே உயரத்தில் எழுந்து, ஒரே உயரத்தில் நின்று, சட்டென வீழும் செவ்வகத் துடிப்பைப் பற்றி. அதன் நேரத்தை மட்டும் மாற்றிப் பார்த்தோம். அதன் வடிவத்தையே மாற்றினால் என்ன?

பொத்தல் குடத்துக்கு மீண்டும் செல்வோம். குறித்த நேரம் முடியும்போது நீர் குறியைத் தொட்டால் போதும். முதலில் ஊற்றிய நீர் நீண்ட நேரம் குடத்தில் இருப்பதால் அதிலிருந்து ஒழுகுவது அதிகம். கடைசியில் ஊற்றிய நீரில் ஒழுக நேரமில்லை. ஆகவே, தொடக்கத்தில் குறைவாகவும், முடிவை நெருங்க நெருங்க மிகுதியாகவும் ஊற்றுவதே சிக்கனம். இதைக் கணிதமாக வடித்தால், நேரம் செல்லச் செல்ல விரைந்து வளரும் அடுக்குக்குறி வளைவு ஒன்று கிடைக்கிறது. வட்டிக்கு வட்டி ஏறும் கடன் வளர்வதும் அவ்வளைவிலேதான். இம்முடிவை 2005 இல் யெசர்னிக், மொராரி என்ற இரு ஆய்வாளர்கள் நரம்பு நாருக்குரிய கணக்காக விரித்துக் காட்டினர்.

அப்படியாயின் இலாபம் எவ்வளவு? ஒழுகும் மென்சவ்வின் எளிய கணக்கை முற்றாகப் போட்டுப் பார்த்தால், மிகச் சிறந்த செவ்வகத் துடிப்பைவிட, வளர்ந்தேறும் துடிப்பு மிகுதியாகப் போனால் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான சத்தியையே மிச்சப்படுத்தும். அதுவும் துடிப்பை நெடுநேரம் நீட்டினால்தான். சிறந்த செவ்வகத்தின் நேரத்துக்குள் அதை அடக்கினால் இலாபம் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். துடிப்பு மிகவும் குறுகியதாயின், ஒழுகவே நேரமில்லாததால், எவ்வடிவமும் செவ்வகத்தை வெல்ல இயலாது. நேயர்கள் இதை மனத்திற் கொள்ள வேண்டும். வடிவத்தால் வரும் மிச்சம் உண்மையானது, ஆனால் எல்லையற்றதன்று.

எளிய கணக்கு சொன்னதை உயிருள்ள நரம்பு அப்படியே ஏற்குமா என்பது அடுத்த கேள்வி. மென்சவ்வு வெறும் பொத்தல் குடமாக இருந்தால் ஏற்கும். ஆனால் அதில் வாயில்கள் உண்டு. அவை திறப்பதற்கும் அடைவதற்கும் தமக்குரிய நேரம் எடுத்துக்கொள்கின்றன. 1952 இல் இங்கிலாந்து நாட்டின் அலன் ஹொட்ஜ்கின், அன்ட்ரூ ஹக்ஸ்லி ஆகிய இருவரும் கணவாய் மீனின் பெரு நரம்பை ஆராய்ந்து, இந்த வாயில்களின் நடத்தையைச் சமன்பாடுகளாக எழுதினர். அதற்காக 1963 இல் நோபல் பரிசும் பெற்றனர். சோடியம் வாயிலுக்கு இரு தாழ்கள் உள்ளன எனலாம். ஒன்று அழுத்தம் மாறியதும் விரைவாகத் திறக்கிறது. மற்றொன்று அதே மாற்றத்தால் மெல்ல மூடிக்கொள்கிறது. மின்னோட்டத்தை மிக மெதுவாக ஏற்றிக்கொண்டு போனால், முதற் தாழ் போதிய அளவு திறக்குமுன் இரண்டாம் தாழ் மூடத் தொடங்கிவிடும். நரம்பு அந்த மின்னோட்டத்துக்குப் பழகிப்போய் எழாமலே இருந்துவிடும். நரம்பு இவ்வாறு பழகிப்போவதை ஏ. வி. ஹில் 1936 இலேயே ஆராய்ந்து எழுதியிருந்தார். ஆகவே, காகிதத்தில் சிறந்து நின்ற நீண்ட ஏறுவளைவு, வாயில்களுள்ள நரம்பின் முன்னே தன் சிறப்பை இழக்கிறது.

இச்சிக்கலைத் தீர்க்க வட கரோலைனாவில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தின் வாரன் கிரில், அமோர்ன் வொங்சார்ன்பிகூன் ஆகிய இருவரும் 2010 இல் புதுமையான வழியொன்றைக் கையாண்டனர். எந்த வடிவம் சிறந்தது என்று அவர்கள் முன்கூட்டி ஊகிக்கவில்லை. நல்ல விதைநெல்லைத் தேர்ந்தெடுக்கும் உழவர் செய்வதையே கணினியில் செய்தனர். ஒழுங்கற்ற பல வடிவங்களை உண்டாக்கி, ஒவ்வொன்றையும் நரம்பு நாரின் கணினி மாதிரி ஒன்றின்மேல் சோதித்தனர். குறைந்த சத்தியில் நரம்பை எழுப்பிய வடிவங்களைத் தேர்ந்தெடுத்து, ஒன்றோடொன்று கலந்து, இடையிடையே சிறு மாற்றங்களைப் புகுத்தி, அடுத்த தலைமுறையை உண்டாக்கினர். நலிந்தவை அழிந்தன, சிக்கனமானவை நின்றன. இவ்வாறு தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வந்தபோது, மெல்ல எழுந்து, நடுவே உச்சம் தொட்டு, மெல்லத் தாழும் மணி போன்ற வளைவு ஒன்று தானாகவே உருவாகி நின்றது. இரு ஓரங்களும் வெட்டப்பட்ட மணிவடிவம் என்று அதைச் சொல்லலாம். பின்னர் அதைப் பூனையின் காலுக்குச் செல்லும் பெரிய நரம்பிலும் சோதித்துப் பார்த்தனர். கணினியில் கண்ட சிக்கனம் உயிருள்ள நரம்பிலும் காணப்பட்டது.

மணியின் பின்பாதி ஏன் தாழ்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். திரியின் உவமையை நினைத்துக்கொண்டால் விடை தெளிவாகும். சோடியம் வாயில்கள் திறக்கத் தொடங்கியதும், எல்லையை நோக்கிச் செல்லும் எஞ்சிய பயணத்தை நரம்பே தன் சொந்த மின்னோட்டத்தால் நடத்திக்கொள்கிறது. அந்நேரத்தில் வெளியிலிருந்து வலிந்து செலுத்தும் மின்னோட்டம் வீண். ஊஞ்சல் தானாக ஆடத் தொடங்கிய பின் தள்ளுபவர் கையைத் தளர்த்துவதுபோலத் துடிப்பும் தாழ்கிறது.

இன்னுமொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். உடலுக்குள் செலுத்தும் துடிப்பு ஒரே திசையில் மட்டும் செல்லலாகாது. ஒரே திசையில் மின்னேற்றம் சேர்ந்துகொண்டே போனால், மின்வாயின் உலோகம் அரிக்கப்படும். அருகிலுள்ள திசுவும் கெடும். ஆகவே, முதற் பாதியில் செலுத்திய மின்னேற்றத்தை இரண்டாம் பாதியில் திரும்பப் பெற வேண்டும். ஜோன் லில்லியும் அவருடைய துணைவரும் 1955 இல் மூளையைத் தூண்டும் ஆய்வுகளில் இத்தகைய இருபக்கத் துடிப்பைக் கையாண்டு காட்டினர். இன்று அது பாதுகாப்பின் அடிப்படை விதியாக நிலைத்துவிட்டது. ஆனால் இரண்டாம் பாதி, முதற் பாதி எழுப்பிய நரம்பைச் சற்றே பின்னுக்கு இழுக்கிறது. எழுந்து நிற்க முயல்பவரின் கையைத் தூக்கிவிட்டு, அவர் நேராகுமுன்னே கீழே இழுப்பது போன்றது இது. அதனால் இரு பாதிகளுக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி விடுவது உண்டு. அந்த இடைவெளிக்குள் நரம்பின் அலை எழுந்து ஓடிவிடும். பின்னர் வரும் எதிர்ப்பாதி அதைத் தடுக்க இயலாது. வடிவத்தை வளைத்து நெளிப்பதைவிட, இத்தகைய இடைவெளி சில வேளைகளில் எளிய சிக்கனமாகிறது.

இவ்வளவும் அறிந்த பின்னரும், இன்று உடலுக்குள் இருக்கும் கருவிகளுள் பெரும்பாலானவை செவ்வகத் துடிப்பையோ, மின்கொள்ளியிலிருந்து வெளிப்பட்டு மெல்லத் தாழும் துடிப்பையோதான் அனுப்புகின்றன. காரணம் என்ன? பழைய வழக்கத்தை விட மனமில்லாமையா? அன்று. நாம் இதுவரை கணக்கிட்டது திசுவில் செலவாகும் சத்தியை. நோயாளிக்கு முக்கியமானதோ மின்கலத்திலிருந்து வெளியேறும் சத்தி. இவ்விரண்டும் ஒன்றல்ல.

மேல்மாடியில் உள்ள நீர்த்தொட்டியை எண்ணிப் பாருங்கள். குழாயின் அடைப்பைத் திருகி நீரை மெல்லவும் விடலாம்; வேகமாகவும் விடலாம். ஆனால் ஒவ்வொரு குடம் நீரும் அந்த மாடி உயரத்துக்கு ஏற்றப்பட்ட நீர்தான். மெல்ல விட்டதனால் ஏற்றிய செலவு குறைந்துவிடாது. மின்னோட்டத்தை ஆளும் சுற்றும் அவ்வாறே இயங்குகிறது. துடிப்பின் உச்சத்துக்கு எவ்வளவு மின்னழுத்தம் வேண்டுமோ, அந்த உயரத்தில் வழங்கல் அழுத்தம் நிலையாக நிற்க வேண்டும். துடிப்புத் தாழ்ந்து நிற்கும் நேரத்தில், மிகுதியான அழுத்தம் சுற்றிலேயே வெப்பமாகி வீணாகிறது. ஆகவே மின்கலத்தின் செலவு, செலுத்திய மின்னேற்றத்தை உச்ச அழுத்தத்தால் பெருக்கி வருவது.

இக்கணக்கை வளர்ந்தேறும் துடிப்புக்கும் போட்டுப் பார்ப்போம். எளிய ஒழுகு மாதிரியில், நீண்ட ஏறுவளைவின் உச்சம் சிறந்த செவ்வகத்தின் உயரத்தைவிட நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அதிகம். அதற்கு வேண்டிய மின்னேற்றமும் சற்று அதிகம். இரண்டையும் பெருக்கினால், திசுவில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு மிச்சப்படுத்திய அதே துடிப்பு, மின்கலத்திலிருந்து ஒன்றரை மடங்குக்கு மேல் பறித்துவிடுகிறது. வீட்டில் விளக்கெண்ணெயை மிச்சம் பிடித்து, கடையில் இரட்டை விலை கொடுத்த கதை இது. கிரிலும் அவருடைய துணைவரும் 2010 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வும் இதற்கு இணையான உண்மையைச் சொல்கிறது. சத்தி, மின்னேற்றம், வலு ஆகிய மூன்றையும் ஒருங்கே மிகக் குறைக்கும் ஒற்றை வடிவம் என்று ஒன்று இல்லை. எதைக் குறைக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்தபின்னரே எவ்வடிவம் நன்று என்று கேட்க முடியும்.

எனவே வடிவத்தின் பயனை நோயாளி முழுமையாகப் பெற வேண்டுமாயின், சுற்றும் அதற்கேற்ப மாற வேண்டும். துடிப்பு ஏறும்போது வழங்கல் அழுத்தமும் படிப்படியாக ஏறி, தாழும்போது தானும் தாழும் சுற்றுகளைப் பொறியியலாளர்கள் அமைத்து வருகின்றனர். தொட்டியையே தேவைக்கேற்ற உயரத்துக்கு ஏற்றி இறக்குவது போன்ற முயற்சி இது. ஆனால் அந்த ஏற்றி இறக்கும் பொறியும் சிறிது சத்தியை உண்ணும். அது உண்பது, அது மிச்சப்படுத்துவதைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

வடிவம் அல்லாத வழிகளும் உள்ளன. மின்வாயை நரம்புக்கு நெருங்க வைத்தால் குறைந்த மின்னோட்டமே போதும். நவீன இதயமுடுக்கிகள் பல, நோயாளியின் இதயம் எவ்வளவு சிறிய துடிப்புக்கு எழுகிறது என்று தாமே இடையிடையே சோதித்து, அதற்குச் சற்று மேல் வைத்துக்கொள்கின்றன. மூளை, முண்ணாண் ஆகியவற்றைத் தூண்டும் கருவிகளுள் சிலவற்றைத் தோலுக்கு வெளியிலிருந்தே மீண்டும் மின்னேற்ற இயலும். இதய அறைக்குள்ளேயே நிற்கும், 2 கிராம் அளவே எடையுள்ள இதயமுடுக்கிக்கு 2016 இல் அமெரிக்காவில் அனுமதி வழங்கப்பட்டது. கருவி சிறுக்கச் சிறுக்க, மின்கலத்துக்குரிய இடமும் சிறுக்கிறது. அப்போது ஒவ்வொரு துடிப்பின் சிக்கனமும் முன்னிலும் மதிப்புப் பெறுகிறது.

நேயர்களுள் சிலரது உடலிலோ, அவர்தம் பெற்றோர் உடலிலோ இத்தகைய கருவி இருக்கக்கூடும். மருத்துவர் குறித்த நாளில் சென்று கருவியைச் சோதித்துக்கொள்வது ஏன் இன்றியமையாதது என்பது இப்போது விளங்கும். அச்சோதனையில் மின்கலத்தின் எஞ்சிய ஆயுளை மட்டும் பார்ப்பதில்லை. உங்கள் நரம்போ இதயமோ எவ்வளவு மின்னோட்டத்துக்கு எழுகிறது என்பதையும் அளக்கிறார்கள். பின்னர், எழுப்புதல் ஒருபோதும் தவறாதவாறு போதிய காப்பு விட்டு, வீண் செலவைக் குறைக்கிறார்கள். உயரத்தைப் பாதியாக்க இயன்றால் திசுவில் செலவாகும் சத்தி காற்பங்காகும் என்பதை நாம் கண்டோம். ஆகவே அந்தச் சில நிமிடச் சோதனை, அடுத்த அறுவையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடக்கூடும்.

கல்வானியின் மேசைமேல் துள்ளிய தவளைக்காலுக்கு எவ்வளவு மின் வேண்டும் என்று அன்று எவரும் சிக்கனம் பார்க்கவில்லை. அந்தக் கேள்வியைத் தொடுத்தவர்கள், அதே மின்னை மார்பிலும் தலையிலும் தாங்கி நடமாடும் மனிதர்கள். அவர்களுக்காகவே, செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் வாழும் துடிப்பு ஒன்றின் வடிவத்தை அறிஞர்கள் இன்னமும் வரைந்தும் அழித்தும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.